மீனில்லாத தொட்டி

காலையில், டேங்க் நிறைந்ததா என்று பார்க்க மாடிக்கு வந்த வீட்டுக்காரம்மா, என் அறைக்குள் இருந்த மீன் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

என் மீன்கள் விரல் நீளம்கூட இல்லாதவை. காலி நத்தை ஓடுகளுக்குள் குடியிருப்பவை. புது ஆள் வந்தால் உள்ளே போய்விடும். அதனால் அவர் கண்ணுக்கு மணலும் நத்தை ஓடுகளும் தண்ணீரும்தான் தெரிந்தன.

“ஏங்கண்ணு, மீனவே காணோம்? நம்ம மண்ணரை ஊருக்குள்ள குடிக்கத் தண்ணியில்ல, நீ நத்தக்கூட்டுக்குத் தண்ணி ஊத்தி வெச்சிருக்கற. கொட்டீரு.”

“உள்ள இருக்குதுங்கக்கா” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“எங்க, பாக்கலாம்” என்று வளையலை மேலேற்றிக்கொண்டு, கையை விட்டு ஓர் ஓட்டைத் தொடப் போனார். அதற்குள்ளிருந்து ஒன்று பாய்ந்து வந்து விரலைக் கடித்தது. வலிக்காது. ஆனால் கை வெளியே வந்துவிட்டது.

சிரித்துவிட்டார். “இத்துனூண்டு இருந்துட்டு ஊட்டுக்காரம்மாவையே வெரட்டுது பாரு! செரி, இருக்கட்டும். தண்ணி மாத்தறப்ப மட்டும் கருவேப்பலச் செடிக்கு ஊத்தீரு.”

பாத்ரூம் குழாய் மாதக்கணக்கில் ஒழுகுவதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

எனக்குப் பதிலாகப் போய்ச் சொல்ல அந்த மீனை அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?