கடலுக்குப் போகிறவன் பிள்ளை

பயந்துபோன பிள்ளையைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போவதில் ராயபுரத்தில் யாருக்கும் வெட்கம் கிடையாது. சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி, முகத்தில் ஊதிவிடுவார்கள். கைக்குழந்தைகளோடு வாசலில் காத்திருக்கும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போல மாரியம்மனைக் கும்பிடுகிற மீன்காரக் குடும்பத்தவர்கள்தான். அந்தக் கூட்டத்தில் மீசை முளைத்த என் அண்ணனும் அம்மாவோடு நின்றான்.

"இன்னாக்கா, உன் கொயந்தைக்கு அதுக்குள்ள மீசை வந்துடுச்சா?" என்றாள் ஒருத்தி. அண்ணனும் சிரித்தான்.

அவன் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தான். எங்கள் குப்பத்தில் அதுவரை அவ்வளவு தூரம் படித்தவன் எவனுமில்லை. பள்ளிக்கூடத்தில் வைத்த மாதிரிப் பரீட்சையில் கை உதறி, பேனா பிடிக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டான். அப்புறம் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. ஊதியும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் படுத்த எனக்கு அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அவனுடைய வாத்தியார் வீட்டுக்கே வந்தார். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருவரைத் தெரியும், நானே கூட்டிப்போகிறேன், இப்படியே பரீட்சைக்கு அனுப்பாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்த நைனா நிமிரக்கூட இல்லை. "கடலுக்குப் போறவன் புள்ள சார் அவன். எங்காளுங்கள்ல கடல்ல செத்தவன் கீறான், பயந்தவன் எவனும் இல்ல."

வாத்தியார் அண்ணனைப் பார்த்தார்.

"பைத்தியக்கார டாக்டராண்ட போனா பசங்க இன்னா சார் சொல்லுவானுங்கோ? நான் நல்லாத்தான் கீறேன்" என்றான் அவன்.

வாத்தியார் டீயைக் குடிக்காமல் போய்விட்டார். நைனாவுக்கு அதுதான் கோபம். பிள்ளை மூச்சு முட்டிச் சாகிறான், இவருக்கு டீ பெரிதாகப் போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் பரீட்சையன்று உச்சி வெயிலுக்கு முன்பே அண்ணன் திரும்பிவிட்டான். சட்டை கழுத்துவரை நனைந்திருந்தது, தலைமுடி மட்டும் காய்ந்தே இருந்தது. காலெல்லாம் மணல்.

"சுளுவா இருந்துச்சு நைனா. சீக்கிரம் எயுதிட்டேன். வர வயில கடல்ல ஒரு முழுக்கு" என்றான்.

"பாத்தியாடி, எம் புள்ளைய!" என்று நைனா அம்மாவிடம் கத்தியது குப்பத்துக்கே கேட்டிருக்கும்.

அந்த வெயிலிலும் அவனுக்கு உடம்பு நடுங்கியது. நான் துண்டை நீட்டினேன். துண்டை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. வலித்தது. உதறிக்கொண்டு பாண்டி விளையாட ஓடினேன். பரீட்சை எழுதிவிட்டான், இனி அவனுக்குப் பயமில்லை என்றுதான் நினைத்தேன்.