அடிக்காமலே கேட்ட மன்னிப்பு

மகளைக் கராத்தே வகுப்பில் சேர்த்தது நான்தான். அவளுக்கு அப்போது பத்து வயது. மூன்றாவது வாரமே, "எனக்குப் பிடிக்கலம்மா, சும்மா சும்மா கத்தச் சொல்றாங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டரிடம் சொல்லி நிறுத்திவிட்டு வரலாம் என்று போனேன். அவர் முன்னால் நின்றதும், "அவளுக்குப் பதிலா நான் வரலாமா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். வாசல்படி ஏறும்வரை அப்படி ஒரு நினைப்பே எனக்கு இல்லை.

அவர் சிரிக்கவில்லை. "முட்டி வலி, பிரஷர் எதாவது இருக்கா மேடம்?" என்றார்.

"இல்லைங்க."

"அப்ப செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாங்க."

எனக்கு முப்பத்து நான்கு வயது. ஒரத்தநாட்டில் சொந்த வீடு. கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார். அவருக்குக் கிடைத்த பெர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அவர் சிங்கப்பூர் போன வருடமே நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். பிறகு ஆற்றில் தண்ணீர் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன, எங்கள் வீட்டில் யாரும் அவசரமாக எழுந்து போக வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்குள் என் வேலை எல்லாம் முடிந்துவிடும். பீரோவைக் கலைப்பேன், அடுக்குவேன். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பேன். "செத்த நேரம் உக்காரேம்மா, பாக்குற எனக்கே தலை சுத்துது" என்பார் மாமியார். உட்கார்ந்தால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. முகூர்த்த நாட்களில் கிடையாது. முகூர்த்தத்துக்கு மறுநாள் போனால் தரையில் ரசமும் பாயசமும் காய்ந்து, வெறுங்காலில் பிசுபிசுக்கும். பிள்ளைகள் போனபிறகு பெரியவர்களுக்கு வகுப்பு. பெரியவர்கள் என்றால், என்னைத் தவிர எல்லோரும் கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதிப் பெண்கள். ஏழு பேர். எல்லோரும் இரண்டு மூன்று வருடம் பயிற்சி எடுத்தவர்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் கட்டும் வெள்ளை பெல்ட் எனக்கு மட்டும்தான்.

எனக்கு ஜோடியாக மாஸ்டர் நிறுத்திய பெண் அந்த ஏழு பேரில் உயரமானவள். நாமக்கல் பக்கம், கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மாட்டின் வயிற்றுக்குள் தோள்பட்டை வரை கையை விட்டுக் கன்றைத் திருப்புகிறவள். அவள் முன்னங்கை என் பிடிக்குள் அடங்காது. என் தலை அவள் தோளுக்கு வரும். கறுப்புக்கு முந்தின பழுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டே, "பயப்படாதீங்க அக்கா, நான் தொடத்தான் செய்வேன்" என்றாள்.

தொட்டாள். இரண்டு அடி பின்னால் போய் அடுக்கிவைத்த நாற்காலியில் விழுந்தேன்.

முதல் மாதம் முழுக்க எனக்கு இரண்டு வியாதி. ஒன்று, கை வருவது தெரிந்ததும் கண்ணை மூடிவிடுவேன். இரண்டாவது, என் முறை வரும்போது கை அவள் உடம்புக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். வாயிலிருந்து "ஸாரிம்மா" என்று வரும். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு ஸாரி. ஒருநாள் அவள் கையை இறக்கிவிட்டு நின்றாள்.

"அக்கா, அடிச்சிட்டு மன்னிப்பு கேளுங்க, ஏத்துக்கறேன். அடிக்காமயே கேட்டா நான் என்ன செய்யறது?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்னிக்குத் தேங்காய் துருவும்போதுதான் சுருக்கென்றது. தண்ணீர் குடம் இடித்தால் ஸாரி, கடையில் சில்லறை இல்லையென்றால் ஸாரி, அவர் போன் செய்யும்போது நான் குளித்துக்கொண்டிருந்தால் ஸாரி. எண்ணிப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து நடந்தேன்.

இரண்டாவது மாதம் மூக்கில் வாங்கினேன். அவள் மேல் தப்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு முன்னால் போனது நான். வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது. அந்தப் பெண் பதறிப்போய்க் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "பாக்கலாம், தலையைக் குனிங்க, குனிங்க" என்று மூக்கெலும்பைத் தடவிப் பார்த்தாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். வலி அவ்வளவு இல்லை. எதற்கு அழுதேனோ, நிறுத்த முடியவில்லை. அவர் போனதிலிருந்து சேர்த்துவைத்த அழுகை மாதிரி வந்தது. ரத்தம் நின்றதும், "இன்னொரு ரவுண்டு போகலாமா?" என்று கேட்டேன். மாஸ்டர், "இன்னைக்குப் போதும் மேடம்" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் கண்ணுக்குக் கீழே நீலம் கட்டிவிட்டது. மாமியார் காபி டம்ளரோடு அப்படியே நின்றார்.

"யாரு அடிச்சது?"

"கராத்தேலங்க அத்தை."

"அது உடம்பு இளைக்கிற கிளாஸுன்னு சொன்னியே?"

நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். தெருவில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், புருஷன் சிங்கப்பூரில் இருக்கும்போது இவள் கண்ணில் யார் குத்தியது என்று. மாமியார் அவர்களிடம் நிலைப்படி இடித்துவிட்டது என்றார். அன்றே மகனுக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் போனில் கூப்பிட்டார். பின்னால் ஆட்கள் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்டது.

"உனக்கு அங்க என்ன குறை?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

"ஒண்ணும் இல்லைங்க."

"அப்புறம் ஏன் போய் அடி வாங்குற?"

"தெரியலங்க. ஆனா நான் நிறுத்தமாட்டேன்." சொல்லிவிட்டு ஸாரி சொல்லப் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவருடைய போன் கார்டில் காசு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது.

தை மாதம் பொங்கலுக்கு லீவில் வந்தார். இரண்டாவது நாளே, "நானும் வந்து பாக்குறேன்" என்றார். மண்டபத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, மெதுவாகப் போகட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

வயிற்றில் ஒன்று, தோளில் ஒன்று வாங்கினேன். மூன்றாவது குத்துக்கு அவள் எட்டி வந்தபோது நான் கண்ணை மூடவில்லை. அவள் கை என் காதை உரசிக்கொண்டு போவதைப் பார்த்தேன். என் கால் அவள் விலாவில் போய்ப் பட்டது, நிஜமாகப் பட்டது. அவள் 'ஹப்' என்று குனிந்து, நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. அதற்கு அடுத்த நொடி என்னைக் கீழே தள்ளிவிட்டாள் என்பதையும் சொல்லவேண்டும்.

திரும்பி வரும்போது கல்லணைக் கால்வாய்ப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.

"அந்தப் பொண்ணு உன்னை அடிச்சப்ப நான் எந்திரிச்சிட்டேன், பாத்தியா?"

"பாக்கலங்க. அவ கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க சூப்பர்வைசர் ஒருத்தன். வேலை லேட்டானா ஹெல்மெட்டுல தட்டுவான். வலிக்காது. எல்லாரையும்தான் தட்டுவான். நான் எப்பவும் ஸாரி சார்னு சொல்லிட்டு வேலையைப் பாப்பேன்."

அங்கே போன எட்டு வருடத்தில் அவர் அதை என்னிடம் சொன்னதில்லை. நான் அவர் முதுகில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினோம்.

அவர் திரும்பிப் போனார். போய் நான்கு மாதத்தில் வேறு கம்பெனிக்கு மாறினார். அந்த சூப்பர்வைசரிடம் ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மஞ்சள் பெல்ட் தேர்வுக்குத் தஞ்சாவூர் போனேன். என் வரிசையில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள்; என் இடுப்பு உயரம். எல்லோரும் இடது பக்கம் திரும்பியபோது நான் மட்டும் வலது பக்கம் திரும்பி ஒரு குட்டிப் பையன் மேல் மோதினேன். தேறவில்லை. அடுத்த தடவை தேறினேன். மாமியார் அந்த பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதுக்கா இத்தனை அடி" என்றார். ஆனால் துவைத்த கராத்தே சட்டைக்குக் கஞ்சி போட்டு மடித்து வைத்தது அவர்தான்.

அந்தப் பெண் படிப்பு முடித்து ஊருக்குப் போகுமுன் கடைசியாக ஒரு ரவுண்டு ஆடினோம். விலா வலியில் ஒரு வாரத்துக்கு என்னால் தும்ம முடியவில்லை. பச்சை பெல்ட் வாங்கிய வருடம் முட்டி பிசகி, டாக்டர் சொல்லி நிறுத்தினேன். ஓரிடத்தில் உட்கார முடியாத அந்தத் தவிப்பு போய்விட்டதா என்று மகள் ஒருமுறை கேட்டாள். போகவில்லை. பீரோவை இப்போதும் அடிக்கடி கலைக்கிறேன். அது ஏன் என்று யாராவது கேட்டால், மன்னிப்புக் கேட்காமல் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான்.