இருவாச்சிக்கு முன்னால் இருந்த புதர்

கிள்ளானிலிருந்து காரிலும் படகிலுமாக ஒரு நாள் அலைந்து பெலும் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தால், அங்கே எனக்கு முன்னாலேயே கேமராவோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஊர் கேட்டேன். மேருவாம், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். முப்பது வயதிருக்கும்; கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. லென்ஸ் பழசு. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் நாலு காவடியைப் படம் எடுத்துவிட்டுக் காட்டுக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்தத் திமிர் உண்டு.

இருவரும் காத்திருந்தது ஒரே இருவாச்சிப் பறவை ஜோடிக்காக. எதிரே மரப்பொந்துக்குள் பெண் பறவை முட்டையோடு உட்கார்ந்து வாசலை மண்ணும் எச்சமும் பூசி அடைத்துவைத்திருந்தது. ஒரு சின்ன இடைவெளிதான் பாக்கி. அதன் வழியாக ஆண் பறவை பழம் ஊட்டினால்தான் உள்ளே சாப்பாடு. அந்த ஊட்டலைத்தான் படம் எடுக்க வேண்டும்.

அன்று மாலை அவள் கூடாரத்துக்குப் போன பிறகு, எங்கள் முன்னால் பொந்தைப் பாதி மறைத்துக்கொண்டிருந்த புதரைப் படகுக்காரரின் பாராங் கத்தியால் வெட்டிப்போட்டேன். மறுநாள் காலை அவள் அதைப் பார்த்துவிட்டு, யார் வெட்டியிருப்பார்கள் என்று கேட்டாள். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து ஆட்களாக இருக்கும் என்று கூசாமல் சொன்னேன்.

ஆண் பறவை வரவில்லை. அவளோ கேமராவைத் தொடாமல் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ஆவல் தாங்காமல் எட்டிப் பார்த்தேன். முந்தின நாட்களில் ஆண் பறவை வந்த நேரம், உட்கார்ந்த கிளை, வெளிச்சம் விழுந்த பக்கம், எல்லாம் இருந்தது. இரண்டு நாளாக ஒரு படமும் எடுக்காமல் இதை மட்டும் கவனித்திருக்கிறாள். எடுப்பதற்கென்று வைத்திருந்தது இந்தக் கடைசி லீவு நாளை.

பத்து மணிவாக்கில் ஆண் பறவை தூரத்து மரம்வரை வந்து, எங்களைப் பார்த்துத் திரும்பிவிட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. அவள் எழுந்து கேமராவைப் பைக்குள் வைத்தாள்.

"நாம இருக்கிற வரைக்கும் வராது அங்கிள். உள்ள இருக்கிறது பட்டினி கிடக்கும். போலாம்லா."

ஓடைக்கரைவரை நடந்தோம். சற்று நேரத்தில் தலைக்கு மேலே யாரோ பாயை உதறுகிற மாதிரி இறக்கைச் சத்தம், பொந்து இருந்த திசையில் போனது. அவள் நின்று மணி பார்த்து, அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"புதரை வெட்டினது நான்தான்மா," என்றேன்.

"ஏன்?" அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பொந்து நன்றாகத் தெரியட்டும் என்றுதான் வெட்டியதாகச் சொன்னேன்.

"எனக்குப் புதர் இருக்கும்போதே தெரிஞ்சிச்சே அங்கிள்."

படகு வந்தது. ஏறும்போது அவள் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.