அம்மா திதிக்குத் தர்ப்பை

தர்ப்பை வளக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, மூக்கைப் பொத்திக்கப் பழகுங்க. ஜொகூர் பாருவுல இந்தப் புல்லு தானா முளைக்காது. இந்தியாவுல இருந்து காய்ஞ்ச கட்டா வரும். வேரோட கிடைக்கறது குதிரைக் கொம்பு. தங்காக்குல துணிக்கடை வச்சிருக்கற ஒரு அக்கா வீட்டுல மட்டும் ஒரு தொட்டி நிறைய இருந்துச்சு. சேலை எடுக்கப் போன நான், சேலையை மறந்துட்டு வேரைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

ஏன் இந்தக் கிறுக்குன்னா, அம்மா திதிக்கு. இங்க பல இடத்துல தர்ப்பைன்னு சொல்லி லாலாங்கைத்தான் முடிஞ்சு குடுக்கறாங்க. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். லாலாங்குன்னா ரோட்டோரம், காலி நிலம், எங்க பார்த்தாலும் மண்டிக் கிடக்கற களை. எங்கம்மா எஸ்டேட் தோட்டத்துல அந்த லாலாங்குக்குக் களைக்கொல்லி மருந்தடிச்சே ஆயுசைத் தொலைச்சவங்க. முதுகுல பம்பு, வாயில ஒரு துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. கடைசியில நெஞ்சே போச்சு. செத்த பிறகும் அந்தப் புல்லையா அவங்க முன்னால நீட்டறது? அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், இந்த வருஷம் நெசத் தர்ப்பை, நான் கொண்டு வரேன்னு. "ஏதோ செய் லா"ன்னாரு.

வேர்ல பாதியை வீட்டுத் தோட்டத்து மண்ணுல வச்சேன். மழை பேஞ்சு அடியெல்லாம் கூழாப் போச்சு. பிடுங்கினா செத்த எலி நாத்தம். இதுக்கு ஈரம் நிக்கவே கூடாது. மிச்சத்தைத் தொட்டியில வச்சேன்: அடியில உடைஞ்ச செங்கல்லு, மேல வெறும் ஆத்து மணல், நாள் பூரா வெயில். மழை இருட்டினா ஓடிப் போய் உள்ள இழுக்கணும். உரம் போட்டா இலை தொய்ஞ்சு சாயும். பட்டினி போட்டாத்தான் விறைப்பா நிக்கும்.

மணல் தொட்டின்னா பூனைக்குக் கக்கூஸ்னு யாரும் எனக்குச் சொல்லல. எதிர்வீட்டுப் பூனை, கொழுத்த ஜென்மம், விடிஞ்சா அதுல வந்து இருந்துட்டு, பதவிசா மூடி வச்சிட்டுப் போகும். களை எடுக்க விரலை விட்டா நகக்கண்ணுல ஏறும். சீ! எத்தனை சோப்பு போட்டாலும் அந்தக் கையால சோறு பிசையப் பிடிக்கல. எதிர்வீட்டம்மாகிட்ட போய்ச் சொன்னா, "பூனைதானே, அதுக்கு என்ன தெரியும்?"னு சிரிக்கறாங்க. அதுக்குத் தெரியாது சரி, வளக்கறவங்களுக்குமா தெரியாது? இறைச்சி குத்திச் சுடற சாத்தே குச்சியை மணல் பூரா நட்டு வச்ச பிறகுதான் ஒழிஞ்சுது. மணலை மாத்தி, வேரை அலசி, மறுபடி நட்டேன்.

திதிக்கு முன்னால அறுத்து நிழல்ல காய வச்சேன். ஒரு பிடி தேறுச்சு. விரலெல்லாம் கீறல்.

கோயில்ல ஐயர் அதை வாங்கி, தாம்பாளத்துக்குப் பக்கத்துல ஓரமா வச்சாரு. "நல்லா இருக்கும்மா. ஆனா மோதிரம் எல்லாம் முடிஞ்சு ரெடியா இருக்கே"ன்னு, பிளாஸ்டிக் பையில இருந்து ஒண்ணை எடுத்து அண்ணன் விரல்ல மாட்டிட்டாரு. பார்த்ததுமே தெரிஞ்சுது, லாலாங்.

"இது எங்க எடுத்தது சாமி?"

"பின்னால ரோட்டோரந்தான். காய்ஞ்சே கிடந்துச்சு, நமக்கு வேலை மிச்சம்."

ஒரு வாரமா விட்டு விட்டு மழை. ரோட்டோரப் புல்லு தானா எப்படிக் காயும்? எவனோ மருந்தடிச்சிட்டுப் போயிருக்கான். குனிஞ்சேன். அதே களைக்கொல்லி நாத்தம் மூக்குல ஏறுச்சு. எள்ளுத் தண்ணி வேற அது மேலயே ஓடுது. கழட்டுங்கண்ணேன்னு சொல்ல வாயைத் தொறந்தேன்.

அண்ணன் விரலை மூக்குக்கிட்ட கொண்டு போயிட்டாரு. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருச்சு.

"தங்கச்சி, அம்மா வாசம் வருது. அம்மா வந்துட்டாங்க."

ஐயர் தலையை ஆட்டிக்கிட்டாரு, என்னமோ தன் மந்திரம் பலிச்ச மாதிரி. எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பா இருந்துச்சு. ஆனா அண்ணன் சொன்னது பொய்யில்ல. வேலை விட்டு வந்து எங்களைத் தூக்கறப்போ அம்மா மேல அடிச்சது இதுதான். வேற ஒரு வாசம் அவங்களுக்கு இருந்ததா எனக்கு ஞாபகமே இல்ல.

குமட்டக் குமட்ட, அண்ணன் கையை இழுத்து நானும் மோந்து பார்த்தேன்.