அமரர் ஊர்திக்கு ஊற்றிய எண்ணெய்

எங்கள் சங்கத்து அமரர் ஊர்தி மூன்றாவது கியரைப் பார்ப்பது சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது மட்டும்தான். போகும்போது முன்னால் மேளம், அதற்கு முன்னால் ஆடுகிறவர்கள், அதற்கும் முன்னால் பட்டாசு. வண்டி அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். மேளம் நின்றால் நிற்கும். நகர்ந்தால் முதல் கியர். தெரு கொஞ்சம் காலியானால் இரண்டாவது. அதற்குள் இறந்தவரின் மைத்துனர் யாராவது நடுத்தெருவில் ஆடத் தொடங்குவார், மறுபடி முதல் கியர். இரண்டு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். மற்ற வண்டிகளின் கியர் பாக்ஸ் ஒரு மாதத்தில் படுகிற பாட்டை எங்கள் வண்டியினுடையது ஒரு சாவில் பட்டுவிடும்.

இது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. தணிக்கைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றதும், தெரு நெசவாளர் நலச் சங்கத்தில் என்னைச் செயலாளராகப் போட்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும், வேறு வேலை கிடையாது. இந்த இரண்டு தகுதிகளும் அப்போது தெருவில் வேறு யாருக்கும் சேர்ந்து அமையவில்லை. முதல் மாதமே சங்கத்தின் காகிதங்கள் அனைத்தையும் கோப்புகளாக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் சிவப்பு மையால் எண் போட்டேன். அமரர் ஊர்தியின் பழைய கையேட்டையும் விடவில்லை. அதற்கும் கோப்பு, அதற்கும் எண்.

ஓட்டுநர் ஐயம்பேட்டைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். லைசென்ஸ் எடுத்த முதல் ஆள் இவர். பிண வண்டி ஓட்ட எங்கள் தெருவில் ஒருவரும் வரவில்லை என்பதால் இவருக்கு வேலை கிடைத்தது. வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட் ஓடு போட்ட ஓர் அறை. அதில் அவரும் மனைவியும் பத்தொன்பது வருடமாக இருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும் என்பது எழுதப்படாத நிபந்தனை. நான் வந்த பிறகு அதை எழுதினேன்.

ஒரு நாள் காலையில் வந்து நின்றார்.

“சார், ஆயில் மாத்தற டைம் வந்துருச்சு. கியர் பாக்ஸுக்கு ரெண்டு லிட்டரு, கிரவுனுக்கு ரெண்டு லிட்டரு.”

கிரவுன் என்று அவர் சொன்னது பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலை.

“ரெண்டும் தொண்ணூறு நம்பர் ஆயில்தானேப்பா?”

“நம்பரு ஒண்ணுதான் சார். ஆனா வேற வேற ஆயிலு. கிரவுனுக்கு ஊத்தறத கியர் பாக்ஸுக்கு ஊத்தக் கூடாது.”

“ஏன்?”

“ஊத்தக் கூடாது சார். எனக்கு வண்டி கத்துக் குடுத்தவரு அப்படித்தான் சொன்னாரு.”

பழைய டப்பாக்களைக் கொண்டுவரச் சொன்னேன். ஆங்கிலம் படிக்க வராததால் கியர் பாக்ஸ் டப்பாவின் கழுத்தில் தறியில் கழித்த பச்சைப் பட்டு நூலைக் கட்டி வைத்திருந்தார். எண்ணெயின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண் இரண்டிலும் அதே தொண்ணூறு. ஒன்றில் ஜி.எல். 4 என்றும் மற்றதில் ஜி.எல். 5 என்றும் போட்டிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே சாமானை இரண்டு பெயரில் வாங்கியவர்களை என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடத் தன்னை யோக்கியன் இல்லை என்று சொன்னதில்லை. அதனால் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள உதிரிபாகக் கடைக்கு நானே போனேன்.

“ஃபைவ்தான் சார் லேட்டஸ்ட்டு. ஃபோர்லாம் பழசு. ஃபைவ் எல்லாத்துக்கும் போடலாம்” என்றார் கடைக்காரர்.

ஐந்து நான்கைவிடப் பெரியது. வண்டியின் இரு இடங்களுக்கும் இனி ஒரே வகை, உயர்ந்த வகை எண்ணெய் என்று தீர்மானம் எழுதினேன். “ஆடிட் மூளைன்னா ஆடிட் மூளைதான்” என்றார் தலைவர். அவர் பட்டுக்கடை வைத்திருப்பவர். பாராட்டுவதற்குச் செலவில்லை என்பதால் தாராளமாகப் பாராட்டுவார். ஓட்டுநர் வண்டிக்கு அடியில் படுத்துப் பழைய எண்ணெயை இறக்கி, புதியதைத் துளை வழிய ஊற்றினார். ஊற்றி முடித்து எழுந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

புது எண்ணெய்க்கு அழுகின முட்டை நாற்றம். ஊதுவத்தியும் மாலையும் அதை மூடிவிட்டன. கியரின் சத்தத்தைத்தான் எதுவும் மூடவில்லை. மூன்றாவது மாதம் மேளத்தையும் தாண்டிக் கேட்டது, இரும்பைக் கல்லில் வைத்து இழுப்பது போல.

“செகண்டு விழ மாட்டேங்குது சார். பல்லக் கடிக்குது. இந்த ஆயில எறக்கிட்டு அந்த நாலாம் நம்பரையே ஊத்திரலாம்.”

“நீ கிளட்ச்சை முழுசா மிதிக்கறதில்லப்பா.”

“பத்தொம்போது வருசமா மிதிச்சிக்கினு இருக்கறேன் சார்.”

“சரி, எழுத்துல குடு.”

மறுநாள் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில், பெரிய பெரிய எழுத்தில், இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். ஆயில் மாற்றியதிலிருந்து கியர் விழவில்லை. பழைய ஆயில் வேண்டும். நான் ஓரத்தில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன். வண்டியைக் கவனமாக இயக்கும்படி அவருக்கு ஒரு குறிப்பாணையும் கொடுத்தேன். தாளைக் கேட்டேன், தாள் வந்தது, தாளுக்குத் தாளால் பதில் போய்விட்டது. எண்ணெயை யாரும் தொடவில்லை.

சித்திரை மாதத்து நடுப்பகலில், ஒரு பெரிய ஜவுளி வியாபாரியின் தந்தையை ஏற்றிக்கொண்டு போனபோது வண்டி ராஜ வீதித் திருப்பத்தில் நின்றுவிட்டது. கியர் கம்பி எந்தப் பக்கமும் அசையவில்லை. முன்னால் போன மேளக்காரர்கள் தெரியாமல் கொஞ்ச தூரம் அடித்துக்கொண்டே போனார்கள். பின்னால் பேருந்துகள் ஹாரன் அடித்தன. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, வண்டியில் இருந்த தகரத் தட்டோடு உடலை இறக்கி எட்டுப் பேர் தோளில் வைத்தார்கள். கனமான மனிதர். வெறுங்காலோடு தார் ரோட்டில் அவர்கள் இரண்டு முறை தடுமாறியதில் மாலைகள் சரிந்து விழுந்தன. இறந்தவரின் மகன் திரும்பி வந்து ஓட்டுநரைக் கன்னத்தில் அறைந்தார்.

“குடிச்சிட்டு வந்திருக்கான்யா! எங்கப்பன நடுரோட்டுல போட்டுட்டான்!”

ஓட்டுநர் குடிப்பவர்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பி, வண்டியைக் கழுவிவிட்ட பிறகு. ஒருநாளும் அதற்கு முன்னால் இல்லை. இது எனக்குத் தெரியும். நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன்.

விசாரணை அதிகாரி நான்தான். வேறு யாருக்கு முறை தெரியும்? விளக்கம் கேட்டு அறிவிப்பு, பதில் தர ஏழு நாள், எல்லாம் ஒழுங்காக நடந்தது. ‘ஆயிலால் ஆனது, என்னால் இல்லை’ என்று அவர் பதில் தந்தார். ‘விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை’ என்று அறிக்கை எழுதி வைத்தேன். செயற்குழு கூட இரண்டு நாள் இருந்தது. அதற்குள், பழுது பார்க்கப் போயிருந்த வண்டியைப் பார்க்க வாலாஜாபாத் போனேன்.

மெக்கானிக் கியர் பாக்ஸைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பியிருந்தார். இறக்கிய எண்ணெய் ஒரு தட்டில் இருந்தது. அதை வெயிலில் சாய்த்துக் காட்டினார். உள்ளே பொன் நிறத்தில் மினுமினுத்தது.

“ஜரிகைய அரைச்சிக் கலக்கின மாதிரி இருக்குது பாருங்க. எல்லாம் பித்தளை. யாரு சார் இதுல அஞ்சாம் நம்பர ஊத்துனது?”

“சங்கத்துல முடிவு பண்ணாங்க” என்றேன்.

“சங்கத்துக்கு இன்னா சார் தெரியும் கியர் பாக்ஸ பத்தி?” தேய்ந்துபோன ஒரு வளையத்தை எடுத்து என் கையில் வைத்தார். “இந்தப் பித்தளை ரிங்கு உரசிப் புடிச்சாதான் கியரு சத்தமில்லாம விழும். அஞ்சாம் நம்பர்ல மருந்து ஜாஸ்தி. பழைய வண்டில பித்தளைய தின்னுரும், வழவழன்னு ரிங்க புடிக்கவும் உடாது. கிரவுன்ல பித்தளை கெடையாது, அங்க அது ராஜா. இங்க எமன். உங்க டிரைவரு நல்ல ஆளு சார். வேற ஒருத்தன்னா ரெண்டு மாசம் முன்னாடியே பேஜாராயிருக்கும்.”

“இதை எழுதிக் குடுப்பியாப்பா?”

“நான் எதுக்கு எழுதணும்? வண்டி புக்குலயே போட்டிருப்பான், போய் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். கியர் பாக்ஸுக்கு நான்கு. டிஃபரன்ஷியலுக்கு மட்டும் ஐந்து. ஒன்றை மற்றதில் ஊற்றாதீர். கட்டம் கட்டிப் போட்டிருந்தது. பக்கத்தின் மேல் மூலையில் சிவப்பு மையில் 41. என் கையெழுத்து. அந்தப் பக்கத்தை ஒரு முறை கையில் பிடித்து, எண் போட்டு, திருப்பியிருக்கிறேன்.

அன்று மாலையே கோப்பைத் தலைவர் கடைக்கு எடுத்துப்போனேன். மெத்தையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.

“அப்போ தப்பு யாரு மேல சார்?”

“என் மேலதான்.”

“சும்மா இருங்க. செக்ரட்டரிய மாத்தணும்னா பொதுக்குழு கூட்டணும், எலெக்ஷன் வைக்கணும். டிரைவர மாத்தறதுக்கு ஒரு லெட்டரு போதும். அந்தக் குடும்பம் கொதிச்சிப் போயிருக்குது. யாராச்சும் ஒருத்தர் போனாதான் ஆறும். உங்களையா அனுப்பச் சொல்றீங்க?”

விசாரணை முடிந்த பிறகு புது ஆவணம் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அறிக்கையைத் திரும்பப் பெறலாம். கூட்டத்தை ஒத்திவைக்கலாம். மறுப்புக் குறிப்பு இணைக்கலாம். இதைப் பற்றி இளநிலை அலுவலர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். மறுநாள் செயற்குழுவில் பழைய அறிக்கையை அப்படியே படித்தேன். நான்கு நிமிடம் ஆனது. எல்லோரும் கையெழுத்திட்டார்கள், முதலில் நான். அறையைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தோம்.

சாவியைக் கொடுக்க அவர் வந்தபோது கொட்டகை வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. மனைவி பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“சார், ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல ஒரு காலேஜ் பஸ்ஸுக்கு ஆள் கேக்கறாங்க. இங்க விசாரிச்சிட்டுதான் எடுப்பாங்களாம். கியர் பாக்ஸ் என்னால போகலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“தீர்மானம் போட்டாச்சே. அதுக்கு விரோதமா நான் எப்படிப்பா எழுத முடியும்?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையேட்டின் அந்தப் பக்கத்தை நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“நம்ம மேல நம்பிக்கை இல்லன்னா பரவால்ல சார். ஆயிலையாவது மாத்திருங்க. வர்றவன் பாவம்.”

மாற்றினேன். புது வளையங்கள், நான்காம் எண் எண்ணெய். டிஃபரன்ஷியலில் ஐந்து இருந்தது, அது சரியாகவே இருந்தது. புது ஓட்டுநர் கையில் இரண்டாவது கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுகிறது. ‘பழைய ஆள் போனதும் வண்டி எப்படி ஓடுது பாருங்க’ என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கல்லூரியிலிருந்து விசாரிக்க வந்தவரிடமும் அதையேதான் சொன்னார்கள்.

தை பிறந்த பிறகுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். சங்கத்தின் தாளில் இல்லை. வெள்ளைத் தாளில், என் பெயரில். 41-ஆம் பக்கத்தின் நகலையும் இணைத்தேன். ஐயம்பேட்டையில் அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போயிருக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

மில் வாசலில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நான்கைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

“சார்! யாரு போய்ட்டாங்க?”

“யாரும் போகல. உங்களப் பாக்கத்தான் வந்தேன்.”

“இன்னா சார், புதுசா ‘உங்கள’ன்றீங்க.”

கடிதத்தைக் கொடுத்தேன். என்னையே படிக்கச் சொன்னார். மற்றவர்கள் முன்னால் படித்தேன். எண்ணெயைத் தேர்ந்தெடுத்தது நான்; ஓட்டுநர் எச்சரித்தார்; எழுத்திலும் எச்சரித்தார்; பழுதுக்கு அவர் காரணமில்லை; இது தெரிந்த பிறகும் அவரை நீக்கும் தீர்மானத்தில் கையெழுத்திட்டேன்.

“இன்னா மாமா, சாரு உன்னாண்ட மன்னிப்பு கேக்கறாரா?” என்று ஒருவன் சிரித்தான்.

“மன்னிப்பு இல்லடா. லெட்டரு” என்றார். என்னிடம், “அந்த பஸ்ஸுக்கு அப்பவே ஆளப் போட்டுட்டாங்க சார்” என்றார்.

“வேற எங்கயாவது காட்டலாம்.”

“லைசென்சு முடிஞ்சிருச்சே சார். ஓட்ட வண்டியே இல்ல, எதுக்குப் புதுப்பிக்கறதுன்னு உட்டுட்டேன்.”

முடிந்து எத்தனை மாதம் என்று கேட்டேன். ஐப்பசியில் என்றார். ஒரு வருடத்துக்குள் என்றால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை என்று சொன்னேன். எந்தப் படிவம், மருத்துவர் சான்று யாரிடம் வாங்க வேண்டும், கண் பரிசோதனைக்கு எப்போது போனால் கூட்டம் இருக்காது, எந்த மேஜையில் முதலில் கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் மடித்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் “சரி சார், சரி சார்” என்றார். அபராதக் கட்டணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது லாரி பின்பக்கமாக வந்து நின்றது. கடிதத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, குனிந்து முதுகைக் கொடுத்தார். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி அதன் மேல் வைத்தார்கள்.