கார்த்திகை விரதமும் என் கை நடுக்கமும்

மார்கழி மாதத்துக் காலை, பனி விலகாத நேரம். ஆனால் ஹெல்மெட்டுக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. வண்டிக் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. அதுதான் அறிகுறி. அப்போது எனக்குத் தெரியவில்லை. அப்பன் முருகன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டு இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாணார்பட்டிப் பக்கம் கொஞ்சம் தென்னையும் தக்காளியும் வைத்துப் பிழைக்கிறேன். எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

மகள் பிறந்த வருடம் நேர்ந்துகொண்டபடி, மாதாமாதம் கார்த்திகை நட்சத்திரத்தன்று நானும் என் வீட்டுக்காரி பாண்டியம்மாளும் வண்டியில் பழனிக்குப் போய் வருவோம். வண்டிக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன். முதல் நாளே காற்றுப் பிடித்துவிடுவேன். செயினை விரலால் தூக்கித் தொய்வு பார்த்து எண்ணெய் விடுவேன். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக அழுத்திப் பார்ப்பேன். விளக்கு, ஹாரன், கண்ணாடி எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் உண்டு. பூ நசுங்குகிறது என்று அவள் முனகுவாள், ஆனாலும் போட்டுக்கொள்வாள். காலையில் திருநீறு பூசி, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிக் கிளம்புவோம். மலையிறங்கும் வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வேன். மாத்திரை சாப்பாட்டில் சேராதே!

அதற்கு முன்பும் இரண்டு மூன்று கார்த்திகைக்குச் சன்னதியில் உடம்பு நடுங்கியிருக்கிறது. நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு அம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். இத்தனை பேரில் என்மேல் இறங்கியிருக்கிறானே என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமையை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒட்டன்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தோம்.

"என்னங்க, கை இம்புட்டு ஆடுது?" என்றாள் பின்னாலிருந்து.

நான் பதில் சொல்லவில்லையாம்.

"ஆத்தே, வண்டியிலயே வந்துட்டாரா அப்பன்!" என்று என் முதுகைப் பிடித்தபடி அரோகரா போட ஆரம்பித்தாள். நிறுத்தச் சொல்லவில்லை. சாமி வந்தவரை யார் நிறுத்தச் சொல்வார்?

சாலை ஓரத்தில் பாதயாத்திரைக்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய பச்சை வேட்டிகள் எல்லாம் கலந்து எனக்கு ஒரே பச்சையாகத் தெரிந்தன. அவர்களுக்குப் பத்தடி பின்னால் வண்டி சரிந்து மண்ணில் விழுந்தோம். அந்தப் பத்தடியை நினைத்து இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எழுந்தேன், நிற்க முடியவில்லை. பேச்சு குழறியது. "நெத்தி நெறையப் பட்டை. காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்திருக்கான் பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

எதிரே இருந்த டீக்கடையிலிருந்து ஒரு அம்மா ஓடி வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார்.

"ஏனுங்கக்கா, இவருக்குச் சக்கரை இருக்குதுங்களா?"

"இருக்கு தாயி. ஆனா இன்னைக்கு விரதம். ஒண்ணும் குடுக்கக்கூடாது."

"உசுரு இருந்தாத்தானுங்க விரதம். எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். அண்ணா, முழுங்க முடியுதுங்களா? வாயத் தொறங்க."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "விரதம்," என்றேன்.

"முருகன்கிட்ட நான் பேசிக்கறனுங்க. நீங்க குடிங்க."

டம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீர். கால் மணி நேரத்தில் வேர்வை அடங்கியது. உலகம் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. அப்போதுதான் அந்த அம்மாவின் கழுத்துச் சங்கிலியில் சிறிய சிலுவை தொங்குவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் என் மனைவியின் இடது மணிக்கட்டு வீங்கியிருந்ததையும் பார்த்தேன்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அவள் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். எனக்குச் சிராய்ப்பு மட்டும். என்னைச் சோதித்த டாக்டரம்மா கேட்டார்:

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேம்மா."

"சாப்டீங்களா?"

"விரதம்மா."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். எனக்கு வந்தது தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோவது). நான் போடும் மாத்திரை கணையத்தை (இன்சுலின் சுரக்கும் உறுப்பு) முடுக்கிவிடுகிற வகை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது, சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண் இருட்டு எல்லாம் அதனால்தான்.

"அப்ப சன்னதியில வந்தது...?" என்று கேட்டேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாதுய்யா. நடுக்கம் வந்தா முதல்ல சர்க்கரையைப் பாருங்க. நூறுக்கு மேல இருந்தும் நடுங்குச்சுன்னா, அது சாமிதான்."

அந்த டாக்டரம்மா நன்றாக இருக்க வேண்டும். என் நோயைச் சொன்னார், என் சாமியைத் தொடவில்லை.

மாத்திரையைக் குறைத்து மாற்றிக் கொடுத்தார். விரதம் இருக்கும் நாளில் வண்டி எடுக்கக்கூடாது, வண்டி எடுக்கும் நாளில் விரதம் கூடாது என்றார். கிளம்பும் முன் கருவியில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்குச் சொன்ன அளவு நூறு, அதற்குக் கீழே இருந்தால் வண்டியைத் தொடக்கூடாது. உங்கள் அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். நடுங்கினால் உடனே ஓரம் கட்டிச் சாவியை எடுத்துவிடுங்கள். சர்க்கரை சாப்பிட்டுக் கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். தெளிந்த பிறகும் முக்கால் மணி நேரம் ஓட்டாதீர்கள். இன்னொன்று, மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். எனக்கு நினைவு இருந்ததால்தான் அந்தச் சர்க்கரைத் தண்ணீர் உதவியது.

ஆறு வாரம் அவளுக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். கோணல் சடை. "என்னைய வைக்கோல் பிரி மாதிரி முறுக்கி வச்சிருக்கீக" என்று சிரிப்பாள். ஆனால் கட்டுப் பிரித்த பிறகும் வண்டியில் ஏறவில்லை. சந்தைக்குக்கூட பஸ்ஸில் போனாள்.

ஒருநாள் கேட்டேன், "என்னைய நம்பலையா?"

"ஒங்க மேல என்ன கோவம்? நடுங்குனப்ப நிப்பாட்டுங்கன்னு சொல்லாம அரோகரா போட்டவ நான். மறுபடி வந்தாலும் கண்டுபிடிப்பேனான்னு என்னையத்தான் நம்ப முடியல."

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் அவளையும் அழைத்துப் போனேன். அவர் கருவியை அவள் கையில் கொடுத்துப் பழக்கினார். முதலில் தன் விரலையே குத்திப் பார்த்தாள். பிறகு என் விரல். ஒரு மாதம் காலையும் மாலையும் குத்தினாள். "கொசுகூட இம்புட்டுக் கடிக்காது" என்றதற்கு, "கொசு நோட்டுல எழுதி வைக்குதா?" என்றாள்.

ஆனி மாதம், விரதம் இல்லாத ஒரு நாளில், நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வாசலில் விரலை நீட்டினேன். "நூத்தி நாப்பத்தி ரெண்டு. எடுங்க வண்டிய," என்று பின்னால் ஏறினாள்.

வயிறு நிறைந்து மலையேற எனக்குக் கூச்சமாக இருந்தது. சன்னதியில் கை நடுங்கவில்லை, கண் இருட்டவில்லை. அசையாமல் நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததே இல்லை.

கூட்டத்தில் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. படி ஏறி இறங்கிய களைப்பு. திரும்பும் வழியில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். தோளில் படீரென்று ஒரு தட்டு விழுந்தது.

"நிப்பாட்டுங்க."

"எதுக்கு?"

"மொதல்ல நிப்பாட்டுங்க. சட்டை நனைஞ்சு கெடக்கு."

ஓரம் கட்டினேன். கருவியை எடுத்து என் விரலைக் குத்திப் பார்த்தாள். எழுபத்தி நாலு. சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். சர்க்கரை கொடுத்தாள், பிறகு வாழைப்பழம். புளியமரத்து நிழலில் உட்கார்ந்தோம். பஸ்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. முன்பானால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அன்று உடம்பு என்னோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆள் போல இருந்தது. அது எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தேன். மணி என்ன என்று கேட்கவில்லை. அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுக்கும்போதுதான் எனக்குக் கிளம்புகிற நேரம்.