அண்ணனின் காலைத் தாளும் நான் நிரப்பிய கட்டமும்

சென்ற ஆண்டு பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். பால் காய்ச்சி, காபி கலந்து பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, 5.20க்கு விழுப்புரத்தில் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனேன். இரவு துணைக்கு இருந்த அண்ணி காபி குடித்துவிட்டுக் குளிக்கப் போனார். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய செல்போனை எடுத்து, அவர் தினமும் அனுப்பும் விலைத் தாளுக்காக, அவர் எழுதிக் கொடுத்த வரிசைப்படி வியாபாரிகளிடம் விலை கேட்க ஆரம்பித்தேன். என் டைரியில் அந்தக் காலையைப் பற்றி இவ்வளவுதான் இருக்கிறது. மீதியை ஓராண்டாக எழுதாமல் வைத்திருந்தேன். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், அண்ணனின் தாளைப் படித்துவந்த நண்பர்களுக்கும் அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது பெருமுக்கல். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அப்பா வாரத்துக்கு எடுத்த காணியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார். தரகர் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு விலை சொல்வார், அப்பா தலையாட்டுவார். பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அண்ணன் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போய், அன்றைய விலையைக் கரும்பலகையில் பார்த்துவிட்டு வந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

படிப்பை முடித்துச் சென்னையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் எறா, அதாவது இறால், எண்ணும் வேலைக்குச் சேர்ந்தார். கிலோவுக்கு எத்தனை எறா நிற்கிறது என்பதுதான் விலை. நாற்பது நின்றால் நாற்பது கவுண்ட். ஐஸில் விரல் மரத்து, பிறகு அந்த மரப்பு முழுதாக நீங்கவே இல்லை. பதினோரு வருடம் கழித்துத் திண்டிவனத்துக்குத் திரும்பி, வாடகை வீட்டின் முன்னறையில் காலைத் தாளைத் தொடங்கினார். மரக்காணம் பக்கத்து வளர்ப்புக் குட்டைகளில் எறா என்ன விலை, புதுச்சேரி துறைமுகத்தில் கணவாய் என்ன விலை, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வாங்குகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரே பக்கத்தில் இருக்கும். முதலில் ஃபேக்ஸ், பிறகு வாட்ஸ்அப். வெளிநாட்டு வணிகச் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு அதையே ஆங்கிலத்திலும் அனுப்பினார்.

"அமெரிக்காவுல எறா என்னா ரேட்டுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு. நம்ம மார்க்கெட்டுல மத்தி என்னா வெலன்னு கேளுங்க, பேந்தப் பேந்த முழிப்பாரு" என்று அண்ணி எல்லோரிடமும் சொல்வார். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

தாளுக்கு ஒரே விதி. எந்த விலையையும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும்: விற்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். ஒருவர்தான் கிடைத்தார் என்றால் அந்தக் கட்டத்தில் "தெரியவில்லை" என்று போடுவார். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரலிலும் அனுப்புவார். "நாப்பது கவுண்டு, இன்னிக்குத் தெரியல. நாளைக்குச் சொல்றேன்." சந்தா கட்டுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்பது கவுண்டுக்கு விற்கிறவர் முந்தைய நாள் விலையையே சொன்னார். வாங்குகிற புதுச்சேரிக்காரர் போனை எடுக்கவில்லை. ஒரு முறைதான் அடித்தேன். நான் ஒன்பது மணிக்கு வேலைக்குப் பள்ளி அலுவலகத்தில் இருக்க வேண்டும். காலியாக விட மனமில்லாமல் அந்த விலையைப் போட்டு 6.30க்கு அனுப்பினேன். பிறகு பள்ளிக்கு விடுப்பு சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

11.05க்கு மரக்காணம் ஏழுமலை அழைத்தார். இரண்டு குட்டை வைத்திருப்பவர்.

"அண்ணே... யாரு, தங்கச்சியாம்மா? அண்ணன் தாளப் பாத்துட்டுதாம்மா காலையில எறா புடிச்சேன். லாரிக்காரன் வந்து நின்னுக்கினு, நேத்து ராத்திரியே ரேட்டு எறங்கிப்போச்சு, வெளிநாட்டுல வாங்கல, அப்டிங்கறான். புடிச்சத திரும்பித் தண்ணியிலயாம்மா வுட முடியும்?"

போனில் வந்த சத்தம் கேட்டு அண்ணன் கண்ணைத் திறந்திருந்தார்.

"புதுச்சேரி என்னா சொன்னாரு?"

"எடுக்கலண்ணா."

"எத்தினி வாட்டி அடிச்ச?"

"ஒரு வாட்டி."

"எழுது பாப்பா" என்றார் அண்ணன். "இன்றைய நாற்பது கவுண்ட் விலை தவறு. வாங்குபவரிடம் கேட்காமல் போடப்பட்டது. வருந்துகிறேன்."

"நான்தான் போட்டேன்னு எழுதறேண்ணா."

"தாளு எம்பேர்லதான போவுது? எம்பேர்லயே போடு."

போட்டேன். அவர் பேரில் போன கடைசி வரி அதுதான். மாலை 5.40க்கு நர்ஸ் வந்து சொன்னார். டாக்டரும் வந்து சொல்லும்வரை நான் டைரியில் எழுதவில்லை.

மறுநாள் பிற்பகல் ஏழுமலை மாலையோடு வந்தார். அண்ணன் காலடியில் நின்று, "அண்ணனே தப்பா போட்டுட்டாருன்னா, உயிரு எப்பிடி அல்லாடிக்கினு இருந்திருக்கணும்! அது தெரியாம போன் பண்ணி சண்ட புடிச்சனே" என்று அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அண்ணனின் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. சார்ஜ் இறங்கவிடுவதில்லை. தினமும் 5.10க்கு அவர் வைத்த அலாரம் அடிக்கிறது. சில நாள் யாராவது, பழக்கத்தில், "அண்ணே, நாப்பது?" என்று அனுப்புகிறார்கள். அவருடைய பழைய குரல் பதிவுகளில் ஒன்றைக் கேட்பேன். "இன்னிக்குத் தெரியல" என்பார். அந்தக் குரல் என்னைத் திட்டுவதே இல்லை.

ஏழுமலை அண்ணா, அந்த விலையை அண்ணன் போடவில்லை. நான் போட்டேன். இரண்டு பேரிடம் கேட்காத ஒரு விலையைக்கூட அவர் எழுதியதில்லை.

நாற்பது நாள் லீவு போட்டு அண்ணிக்குத் துணையிருந்த ஒலக்கூர் சித்தி மகளுக்கும், ஆம்புலன்ஸில் திண்டிவனம் வரை அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு வந்த எதிர்வீட்டுக்காரருக்கும், பணம் திருப்பிக் கேட்காத சந்தாதாரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பிப்ரவரி 12, புதன்கிழமை. அண்ணன் கூடத்தில் ஐஸ் பெட்டியில் இருந்தார். 5.10க்கு அலாரம் அடித்தது. அவர் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் புதுச்சேரிக்காரருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். நான்காவது முறை எடுத்தார்.

"சொல்லுங்கண்ணே" என்றார்.

நாற்பது கவுண்ட் என்ன விலை என்று கேட்டேன்.